கால்நோய் அறிதலும் காத்தலும்
(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மாதக் கூட்டத்திற் பேசவேண்டுமென்று நம் செயலாளர் எம்மைக் கேட்டபொழுது, "காலைப்பற்றிப் பேசுகின்றோம்" என்றோம். "விடியலின் வருணனையோ?" என்று அவர் மகிழ்ந்து வினவினார். "அன்று, மண்ணை மிதிக்குங் கால்" என்றோம். சிறிது நேரம் அவர் மறுமொழி கூறவில்லை. தமிழாசிரியனுக்கு இப்பொருள் ஏற்றதன்று என்று அவர் கருதியிருத்தல் கூடும். ஆயினும், நம் முன்னோர் காலை இழிந்த உறுப்பாகக் கருதினாரல்லர். தெய்வத்தைப் புகழுமிடத்துப் பாதாதி கேசமாக, அஃதாவது அடியினின்று முடிவரை வருணித்தலே மரபு. திருக்குறளின் முதலதிகாரத்துப் பத்துப் பாட்டுக்களுள் ஏழில் இறைவனுடைய அடியேனும் தாளேனும் பேசப்படுகின்றது. சோழருள் பெருவேந்தன் ஒருவன் தீயாற் கருகிய காலினாலேயே கரிகாலன் எனப் பெயர் பெற்றான் என்று வழங்கும் வரலாற்றை யாவரும் அறிவர். பிறர் காலைத் தொட்டு வணங்கும் நாம் நம்முடைய காலைக் குனிந்து பார்ப்பதில்லை என்பதே எமது வருத்தம்.

இன்னுமொன்று. நம் மொழியிற் 'கால்' என்பது நாலிலொரு பங்குக்கும் பெயர். மனிதவுடலின் எலும்புகள் 206. அவற்றுள் கணுக்காலுக்குக் கீழே ஒரு பாதத்தில் 26, இரண்டிலும் 52. கணக்கிட்டுப் பார்மின், ஏறக்குறையக் காற்பங்கே வரும். இப்பெயர் இக்கணக்கறிந்து இட்டதென்று யாம் சொல்ல வரவில்லை. மாணாக்கர்க்கு நினைவில் நிற்குமென்று வகுப்பிற் சொல்லுவது வழக்கம். இத்தனை எலும்புகளை ஓரிடத்தில் நெருங்க அடுக்கி, நார்களாற் கட்டி, உடலின் பாரம் முழுவதையும் அதன்மேல் வைத்திருக்கின்றது இயற்கை. அவ்விடத்து நோய் வாராதிருப்பின் அதுவே வியப்பு.

யாம் வைத்தியரல்லேம். எம் தமையனாரின் பொருட்டு ஈராண்டுகள் புண்கட்டும் அறையின் வாயிலிற் காத்திருந்து கேட்டவற்றையும், பின்னர்ப் படித்தறிந்தவற்றையும், நம் சங்கத்து மருத்துவர் ஒருவரிடம் காட்டித் திருத்தம் பெற்றே ஈண்டுக் கூறுகின்றோம். நம்மவருள் பெரும்பாலார் கடையில் நின்றே பகலைக் கழிப்பவர். ஏனையோர் விசைத்தறியின் முன் நிற்பவர். தாய்மாரோ அடுப்பின் முன் நிற்பவர். ஆதலின் முதற்கண் நிற்பார்க்குரிய நோயைச் சொல்லுவோம்.

காலையில் எழுந்து முதலடி வைத்தவுடன் குதிகாலில் ஆணி அறைந்தாற்போன்ற வலி. பத்தடி நடந்தபின் தணிவு. நெடுநேரம் அமர்ந்து எழுந்தால் மீண்டும் அவ்வலி. இதனைச் சொல்லாத வீடு நம் தெருவில் இல்லை. குதிகாலெலும்பினின்று விரல்களின் அடிவரை உள்ளங்காலில் ஒரு தடித்த நார்ப்பட்டை வில்லின் நாண்போல ஓடுகின்றது. மிகுதியாக நிற்பதாலும் உடற்பாரத்தாலும் அது குதிகாலிற் பற்றியிருக்கும் இடத்தில் நைந்துபோகின்றது. இரவெல்லாம் பாதம் தளர்ந்து கிடப்ப, அந்நாண் சுருங்கியிருக்கும். விடியலில் மிதித்தவுடன் அது திடீரென இழுக்கப்படுதலின் வலி எழுகின்றது. படம் பிடித்துப் பார்த்து, "எலும்பு முள்போல வளர்ந்திருக்கின்றது" என்று சொல்லக் கேட்டு அஞ்சுவார் பலர். அம்முள் வலியில்லாதார் பலருடைய காலிலும் உண்டு. அதனை வெட்டியெடுத்தாலன்றி நோய் தீராதென்று கருதற்க.

இதற்குரிய மருந்து பெரும்பாலும் நம் கையிலேயே உள்ளது. படுக்கையைவிட்டு இறங்குமுன் கால்விரல்களைக் கையாற் பற்றி முழந்தாளை நோக்கிப் பின்னே இழுத்துப் பத்தெண்ணும்வரை நிறுத்துக; இவ்வாறு பத்துமுறை செய்க. பின்னர்ச் சுவரிற் கைகளை ஊன்றி, நோவுள்ள காலைப் பின்வைத்துக் குதிகால் தரையினின்று எழாமல், கெண்டைச்சதை இழுபடுமாறு சாய்ந்து நிற்க. மாலையில் குளிர்ந்த நீர் நிறைத்த குப்பியைப் பாதத்தின் கீழ் உருட்டலாம். பொறுமை வேண்டும். வாரங்களன்று, மாதங்கள் செல்லும். பெரும்பாலார்க்கு ஓராண்டிற்குள் அறுவையின்றியே குணமாகின்றது. குதிகாலில் ஊசி போட்டுக்கொண்டு உடனே சுகம் பெற விரும்புவார், அவ்வூசியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்வதால் அந்நாண் அறுந்துபோதலும் உண்டு என்பதை அறிந்து செய்க.

ஈண்டுத் தாய்மார்க்கு ஒரு சொல். பண்டைய வீடுகளின் தரை மண்ணும் சாணமும் ஆயிருந்தது. இக்காலத்து அடுக்களைத் தரையோ கருங்கல்லும் பளிங்கோடுமாக இறுகிக் கிடக்கின்றது. வீட்டினுள் செருப்பணிதல் ஆசாரக்கேடென்று நம் பாட்டிமார் கூறிய காலத்தில் இத்தரை இல்லை. வெளியிற் போகாத, மெத்தென்ற, வேறொரு சோடி செருப்பை வீட்டுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். பூசையறை வாயிலிற் கழற்றிவிடலாம். இதனை எம் அன்னையார்க்குச் சொல்லி இசைவிக்க எமக்கு ஆறு மாதம் ஆயிற்று. இப்பொழுது அவர் அதனைத் தேடுகின்றார்.

இனிக் கணுக்கால். பாதம் உள்நோக்கி மடங்கிச் சுளுக்கும்பொழுது வெளிப்புறத்துத் தசைநார்கள் இழுபட்டுக் கிழிகின்றன. கோழிமுட்டைபோல வீக்கம் எழுகின்றது. எங்கள் ஊர்ப்பக்கத்தில், கால் முன்னாகப் பிறந்தவரை அழைத்து மிதிக்கச் செய்தல் வழக்கம். எம்மையும் இளமையில் ஒரு பாட்டனார் மிதித்தார். அவர் மிதித்த வலியில் சுளுக்கின் வலி மறந்துபோயிற்று என்பது உண்மை. புதிதாகக் கிழிந்த நாரைத் தேய்ப்பதும் நீவுவதும் வெந்நீர் ஒத்தடமிடுவதும் வீக்கத்தை வளர்ப்பனவேயாம். முதலிரண்டு நாள் காலுக்கு ஓய்வு கொடுத்து, துணியிற் சுற்றிய பனிக்கட்டியைக் கால்மணி நேரம் வைத்தெடுத்து, இழுபடும் பட்டைத்துணியால் இறுக்கமின்றிக் கட்டி, தலையணைமேல் உயர்த்தி வைக்க. இம்முறையைச் சுருக்கமான சூத்திரமாக 1978-ஆம் ஆண்டில் வெளியிட்டவர் கேப் மிர்க்கின் என்னும் அமெரிக்க மருத்துவர். பல்லாண்டு கழித்து அவரே, பனிக்கட்டி நோவைத் தணிப்பினும் ஆறுதலைத் தாமதிக்கக்கூடும் என்று தம் கூற்றைத் திருத்தி எழுதினார். தாம் வகுத்த சூத்திரத்தைத் தாமே மறுக்கும் துணிவு எம்போன்ற பண்டிதர்க்கு எளிதில் வருவதில்லை. நிற்க, நோவு தணியப் பனிக்கட்டி போதும், நாள் முழுவதும் வைத்திருத்தல் வேண்டா. மூன்றாம் நாளினின்று காலை மெல்ல அசைத்தலும், ஆறியபின் ஒற்றைக்காலில் நின்று பழகுதலும் வேண்டும். இப்பழக்கத்தை விட்டவரே மீண்டும் மீண்டும் சுளுக்கிக்கொள்பவர்.

எலும்பு முறிந்ததோ, சுளுக்கேயோ என்று அறிவது எங்ஙனம்? கனடா நாட்டு ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992-ஆம் ஆண்டில் இதற்கு ஒரு விதி வகுத்தார்கள். அடிபட்ட உடனும் பின்னரும் நான்கடி வைக்க இயலாதிருத்தல். கணுக்காலின் இருபுறத்தும் புடைத்திருக்கும் எலும்பின் நுனியையேனும் பின்விளிம்பையேனும் விரலால் அழுத்தினால் நோதல். சிறுவிரலின் நேரே பாதத்தின் வெளிவிளிம்பு நடுவிற் புடைத்துள்ள எலும்பேனும், உட்புறத்தில் பாதவளைவின் மேலுள்ள எலும்பேனும் நோதல். இவற்றுள் ஒன்றிருப்பினும் எக்ஸ்-ரே படம் எடுத்தல் வேண்டும். யாதுமில்லையேல் முறிவு இருத்தல் அரிது. சிறு குழந்தைகட்கும், காலில் உணர்ச்சி குறைந்தார்க்கும் இவ்விதியை நம்பியிருத்தல் கூடாது. பின்னவரைப்பற்றிச் சிறிது நேரத்திற் கூறுவோம்.

குதிகாலின் பின்னே நரம்புபோல் விறைத்து நிற்பது குதிநாண். மேனாட்டார் கிரேக்க வீரன் அக்கிலீசின் பெயரால் அதனை வழங்குவர்; அவனுக்குக் குதிகாலில் மட்டுமே சாவு வரக்கூடுமென்பது கதை. நம் பாரதத்திலும் கண்ணபிரான் வேடன் எய்த அம்பு காலிற் பட்டே மறைந்தான். நடுவயதில் திடீரென்று பந்தாடப் புகுவார், பின்னாலிருந்து எவரோ உதைத்தாற்போல உணர்ந்து திரும்பிப் பார்ப்பர், எவரும் இரார். குதிநாண் அறுந்ததென்று அறிந்து அன்றே வைத்தியரை நாடவேண்டும்.

தோலின் நோய்களை விரைந்து சொல்லிவிடுவோம். பித்தவெடிப்பு பித்தத்தால் வருவதன்று; வறட்சியாலும் தடிப்பாலும் வருவது. வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, மெல்லத் தேய்த்து, ஈரம் உலருமுன் வாசலைன் முதலிய நெய்ப்புள்ள களிம்பைத் தடவுக. பிளேடால் சீவற்க. கால் ஆணி செருப்பின் அழுத்தத்தால் தோல் திரண்டு உள்நோக்கி இறுகுவது; நேரே அழுத்தினால் நோம். அதனைப்போலவே தோன்றும் மரு, இருபுறத்தும் கிள்ளினால் நோம். மேற்றோலைச் சுரண்டினால் கரும்புள்ளிகள் தெரியும். அது தொற்று நோய். ஆணிக்கு மருந்துக்கடையில் விற்கும் ஒட்டுமருந்து தோலை அரிக்கும் அமிலமாதலின் நீரிழிவுடையார் அதனைத் தொடவேண்டா. செருப்பை மாற்றாமல் ஆணியை மட்டும் நீக்கினால் அது திரும்பவும் வரும். விரலிடுக்கில் வெளுத்துப் புழுங்கும் சேற்றுப்புண் காளானால் உண்டாவது. விரலிடுக்கை உலர்த்திக் காளானைக் கொல்லும் களிம்பை, ஆறியதுபோலத் தோன்றிய பின்னும் வைத்தியர் சொன்ன நாள்வரை இடுக. கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் கலப்புக் களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பின் அரிப்பு உடனே அடங்கும், காளானோ பரவும். இக்காலத்துப் படர்தாமரை எளிதில் தீராமைக்கு இதுவும் ஒரு காரணமென்று தோல் வைத்தியர் வருந்துகின்றனர். நகத்தை நேராக வெட்டுக; ஓரத்தை வளைத்து உள்ளே வெட்டினால் அது சதைக்குள் வளர்ந்து சீழ் பிடிக்கும்.

நள்ளிரவில் பெருவிரலின் அடிமூட்டு தீப்போலச் சிவந்து, போர்வை படவும் பொறாது நோமாயின், அது இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்ததால் வந்ததாகலாம். இருகாலும் மாலையில் வீங்குமாயின் நெடுநேரம் நின்றமை, இரத்தக்கொதிப்பு மாத்திரை, இருதயம், சிறுநீரகம் எனக் காரணம் பல, சோதித்தறிக. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நோமாயின் நாளை என்று ஒத்திவையாமல் அன்றே செல்க. இரத்தம் உள்ளே உறைந்திருத்தல் கூடும்.

இதுகாறும் யாம் கூறியன பெரும்பாலும் கூவியழைக்கும் நோய்கள். வலி என்னும் காவற்காரன் கூவுகின்றான், நாம் விழித்துக்கொள்கின்றோம். அக்காவற்காரன் இறந்துபோன காலைப்பற்றிச் சொல்லுதற்கே இன்று வந்தோம்.

எம் தமையனார் பதினான்கு ஆண்டுகளாக நீரிழிவுடையவர். மூன்றாண்டுகளுக்கு முன் தைப்பூசத்திற்குச் செருப்பின்றிப் பழனிக்கு நடந்தார். திரும்பி வந்தவரிடம், "கால் நோகவில்லையா அண்ணா?" என்றோம். "கொஞ்சங்கூட வலியில்லை தம்பி, எல்லாம் முருகன் செயல்" என்றார். அடுத்த மாதக் கூட்டத்தில் இம்மேடையிலே நின்று அவருடைய பத்தியை யாமே வியந்து பேசினோம். நீங்களும் கைதட்டினீர்கள். அன்று அவர் அணிந்திருந்த செருப்பினுள், பெருவிரலின் அடியில், உடைந்த கொப்புளமும் அதனுள் ஒரு சிறு சரளைக்கல்லும் இருந்தன. அவர் அறியார், யாமும் அறியேம். நான்காம் நாள் அண்ணியார் நாற்றத்தால் அறிந்தார்.

வைத்தியசாலைக்குப் போகவேண்டுமென்று அண்ணியார் சொன்னார். "போனால் வெட்டிவிடுவார்கள்" என்று தடுத்தவர் யாம். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டினோம். ஒன்பது நாட்கள். வலியில்லாமையால் ஆறுகின்றதென்றே நம்பினோம். பத்தாம் நாள் குளிர்க்காய்ச்சல் கண்டு, பாதம் கறுத்தபின் கொண்டுசென்றோம். உயிரைக் காத்தற்பொருட்டு முழங்காலின் கீழே எடுக்கவேண்டியதாயிற்று. எம் அச்சமே அக்காலைக் கொண்டுபோயிற்று. இதனை அவையிற் கூறலாமென்று தமையனாரே இசைவு தந்தார், இசைவன்று, கட்டளை.

நீரிழிவு நெடுநாள் நின்றால் கால்நரம்புகள் மெல்ல உணர்வை இழக்கின்றன. முதலில் எரிச்சலும் எறும்பூருதலும், பின்னர்ப் பஞ்சின்மேல் நடப்பதுபோலும் மதமதப்பு, முடிவில் ஒன்றுமில்லை. இவ்வுண்மையின் ஒரு பகுதி நம் நாட்டிலேயே விளங்கிற்று. 1914-ஆம் ஆண்டில் கொல்லிமலையிற் பிறந்த பால் பிராண்டு என்னும் ஆங்கில மருத்துவர் 1946-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் தாமே அழுகி உதிர்கின்றன என்று உலகம் நம்பிய காலம் அது. அவர் கூர்ந்து நோக்கி, விரலை உண்பது அந்நோயன்று, உணர்ச்சியின்மையே என்று காட்டினார். சூடும் முள்ளும் உரசலும் தெரியாமையால் காயமுற்று, காயம் தெரியாமையால் அதன்மேலேயே நடந்து, நோயாளர் தம் உறுப்பைத் தாமே தேய்த்துவிடுகின்றனர். இரவில் எலி விரலைக் கடித்தும் விழித்தெழாதார் இருந்தமையின், நோயாளர்க்குப் பூனை வளர்க்கக் கொடுத்தனராம். பின்னர் அமெரிக்கா சென்றும், நீரிழிவாளரின் காற்புண்ணுக்கும் இதுவே காரணமென்று அவர் வற்புறுத்தினார். உணர்வற்ற பாதத்திற்காக வேலூர்ப்பக்கத்தில் உருவான எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற ரப்பர்ச் செருப்பே இன்றும் தொழுநோயாளரும் நீரிழிவாளரும் அணிவது.

ஆதலின் உணர்வு குன்றிய காலின் புண்ணுக்கு எம்மருந்து இடினும், மிதியாதிருத்தலே தலையாய மருந்து. நலமுள்ள நாம் புண் நோவதால் நொண்டி நடக்கின்றோம்; அந்நொண்டுதலே புண்ணை ஆற்றுகின்றது. வலியில்லாதவன் நொண்டான், நிமிர்ந்து நடந்து அதனைப் பிளப்பான். இதற்காகவே மருத்துவர் மாவுக்கட்டும் தனிச்செருப்பும் கொடுத்துப் பாரத்தை வேறிடத்திற்கு மாற்றுகின்றனர். பீடி சுருட்டுப் பழக்கமும் உடனிருந்தால் இரத்தவோட்டமும் சுருங்கும். அதன்பின் மருத்துவர்க்குச் செய்தற்குரியது குறைவு.

நீரிழிவுடையாரின் கணுக்காலேனும் பாதமேனும் சூடாகிச் சிவந்து வீங்கி, நோவு மட்டும் சிறிதாயிருப்பின், சுளுக்கென்று எண்ணற்க. உணராமலே எலும்புகள் நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். பிரெஞ்சு மருத்துவர் சார்க்கோ வேறொரு நரம்புநோயில் 1868-ஆம் ஆண்டில் இதனை விளக்கினார்; நீரிழிவில் வருவது 1936-இல் அறியப்பட்டது. அக்காலை ஊன்றாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுக. தாமதித்தால் பாதத்தின் வளைவு தலைகீழாகிவிடும்.

நீரிழிவுள்ள வீட்டார் நாள்தோறும் செய்யவேண்டியது பெரிதன்று. இரவு படுக்குமுன் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பார்த்தல். குனிய இயலாதார் முகம்பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம், அன்றேல் பேரப்பிள்ளையைக் கைப்பேசி விளக்கால் பார்க்கச் சொல்லலாம். எண்ணெய் தடவுக, விரலிடுக்கில் வேண்டா. வெந்நீரைக் காலால் சோதியாமல் முழங்கையால் சோதிக்க. அணியுமுன் செருப்பினுட் கைவிட்டுத் துழாவுக. விரலிடுக்கில் வார் நுழையும் ரப்பர்ச் செருப்பை விடுத்துப் பின்வாருள்ளதை அணிக; அதனையும் பாதம் சற்றே வீங்கியிருக்கும் மாலைப்பொழுதில் அளவு பார்த்து வாங்குக. கொப்புளமோ நிறமாற்றமோ கண்டால், நோவில்லாவிடினும், அன்றைக்கே வைத்தியசாலை.

பாதயாத்திரையைப்பற்றிச் சொல்லாமற் போனால் யாம் கோழையாவோம். உணர்வு குன்றிய காலுடையார் வெறுங்காலோடு நடத்தலும், தீமிதித்தலும், உச்சிப்பொழுதில் கோயிற் பிராகாரத்துக் கல்லில் வலம் வருதலும் கூடா. "அம்மையப்பனைச் செருப்போடு வலம் வருவதா?" என்று பெரியோர் சிலர் சினக்கலாம். வைகறையிற் கல் குளிர்ந்திருக்கும்பொழுது தடித்த துணியுறை அணிந்து வலம் வருவதற்குத் தடையுண்டோ என்று அந்தந்தக் கோயிலார் வாயிலாகவே கேட்டறிந்து செய்யலாம். பழனிக்குப் பேருந்தும் செல்கின்றது.

உணர்வு இருக்கின்றதா என்பதை வீட்டிலேயே அறியும் வழி ஒன்றை இங்கிலாந்தின் இப்சுவிச்சு நகரத்து மருத்துவர் 2011-இல் வெளியிட்டனர். கருவி வேண்டா, சுட்டுவிரல் போதும். சோதிக்கப்படுபவர் கண்ணை மூடிக்கொள்ளுதல் வேண்டும். அவருடைய இருகாலிலும் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் ஆகிய ஆறு நுனிகளையும் ஒவ்வொன்றாக, ஓரிரு நொடி, இறகு படுவதுபோலத் தொடுக. அழுத்தற்க, தட்டற்க, ஒருமுறை தொட்ட விரலை மறுமுறை தொடற்க. தொட்டதை உணர்ந்தவுடன் 'வலம்' என்றோ 'இடம்' என்றோ அவர் சொல்லவேண்டும். ஆறனுள் இரண்டேனும் அதற்கு மேலேனும் தெரியாமற் போயின் உணர்வு குன்றியதென்று கொண்டு மருத்துவரிடம் செல்க.

இதனை இப்பொழுதே செய்து பார்க்க விரும்புகின்றோம். நீரிழிவுடைய ஆடவர் மேடையின் வலப்பக்கத்து விரிப்பிற்கும், தாய்மார் உள்ளறைக்கும் செல்க; நம் மருத்துவரும் அவர் மனைவியாரும் அங்கே இருப்பர். இரண்டு விரல்கள் தெரியாதாருடைய பெயரைச் செயலாளர் குறித்துக்கொள்வார். வரும் ஞாயிற்றுக்கிழமை வைத்தியசாலைக்கு உடன்வர ஆள் இல்லாதார்க்கு யாம் வருவோம். எம் தமையனார் முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றார். அவருக்கு எஞ்சியிருக்கும் வலக்காலில் மூன்று விரல்களையே தொடமுடியும். அண்ணா! கண்ணை மூடிக்கொள்ளுங்கள், உங்களிடமிருந்து தொடங்குகின்றோம்.